99 மார்க் வாங்கிய மக்கு மாடல்!

முதலில் உங்களுக்கு ஒரு குட்டி டெஸ்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது!

உங்க ஹாஸ்டல் பக்கத்து ரூம் பையன் ஒருத்தன், 'நாளைக்கு நம்ம காலேஜ் மேல விண்கல் விழுமா, விழாதான்னு தினமும் கணிச்சுச் சொல்றேன்'னு கிளம்புறான். தினமும் ராத்திரி பல் தேய்ச்சுட்டு, டைரியில் 'விழாது' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டுத் தூங்கிவிடுகிறான். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் 365-க்கு 365. சென்ட்டம்! அவனுக்கு மாலை போடுவீங்களா, மொத்துவீங்களா?

மொத்துவோம்னு சொல்றவங்க எல்லாம் கையைத் தூக்குங்க. சரி, இப்போ அந்தக் கையை மெதுவா இறக்கிடுங்க ப்ளீஸ். ஏன்னா, அந்தப் பையன் நான்தான்!

நான் மூன்றாம் ஆண்டு ட்ரிபிள்-இ. விண்கல்லுக்குப் பதிலாக என் சப்ஜெக்ட், ஃப்ரீஸிங் ரெய்ன். தமிழில் உறைமழைன்னு வெச்சுக்கலாம். 'மார்ச் மாசமே மண்டை காயுற ஊர்ல இருந்துக்கிட்டு உனக்கு எதுக்குடா உறைமழை?' என்று கிளாஸில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். காரணம், என் அக்கா. குளிர் அதிகமானால் அவளுக்கு இன்னிக்கும் வலது தோள் வலிக்கும்.

ஸ்பீக்கர் போனில் ஒரு சத்தம்

எங்க ஊர் நாகர்கோவில் பக்கம். அக்கா என்றால் பெரியப்பா மகள். எங்க வீட்டில்தான் பாதி நாள் வளர்ந்தவள். நர்ஸிங் முடித்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி, டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த் ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். காலை 7 மணி டியூட்டி என்றால், வீட்டிலிருந்து காரை எடுத்ததுமே எங்களுக்குப் போன். அங்கே விடியற்காலை என்றால் இங்கே சாயங்காலம். அம்மா டீ போடும் நேரம். போனை ஸ்பீக்கரில் போட்டு சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துவிடுவாள். அக்கா பாட்டுக்குப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுவாள். எங்க வீட்டில் அது ஒரு டெய்லி சீரியல் மாதிரி!

2021, பிப்ரவரி 11, வியாழக்கிழமை. இங்கே மணி சாயங்காலம் 5.20 இருக்கும். நான் அப்போ ஸ்கூல் பையன். பஜ்ஜியை டீயில் முக்கலாமா, வேண்டாமா என்ற முக்கியமான யோசனையில் இருந்தேன்.

"குளிரு எப்படி இருக்கு மக்களே?" என்று அம்மா கேட்டாள்.

"குளிரு கொல்லுது சித்தி. ராத்திரி லேசா மழை தூறிச்சு போல, ரோடு ஈரமாத்தான் கெடக்கு. இப்ப நின்னுட்டு..."

அவ்வளவுதான். அடுத்து 'ஐயோ' என்று ஒரு குரல். தகரத்தை யாரோ கோணலாக இழுத்த மாதிரி ஒரு சத்தம். அப்புறம் போனில் ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றரை மணி நேரம் எங்க வீட்டில் எப்படிப் போச்சுன்னு எழுதணும்னு நினைக்கிறேன். வரலை. அப்பா திரும்பத் திரும்ப நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தார். அம்மா அடுப்பை அணைக்கவே மறந்துபோனாள். ஏழு மணிக்கு அக்காவே கூப்பிட்டாள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பாலம். அதன் மேல் ஏறியதும் கார் தானாகவே சுற்றி, பக்கவாட்டுத் தடுப்பில் இடித்து நின்றிருக்கிறது. வலது காரை எலும்பு உடைந்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை.

"பிரேக்கே போடலை சித்தி. ஸ்டியரிங்கைக்கூடத் திருப்பலை. ரோடு ஈரமாத்தான் தெரிஞ்சது" என்றாள். அதையே மூன்று தடவை சொன்னாள்.

அன்று ராத்திரிதான் செய்தியைப் பார்த்தோம். கிட்டத்தட்ட அதே நேரத்தில், அதே ஃபோர்ட் வொர்த்தில், ஐ-35 டபிள்யூ என்ற பெரிய சாலையின் உயரமான பகுதியில் 130-க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக் கிடந்தன. ஆறு பேர் இறந்துபோனார்கள். சிக்கியவர்களில் பலர் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். டி.வி-யில் அதைப் பார்த்த அம்மா, ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

ஐஸ் ஆகாத ஐஸ் தண்ணி

'ஊட்டியில டிசம்பர் மாசம் புல்லு மேல வெள்ளையா இருக்குமே, அதுதானே பாஸ்?' என்று கேட்கிறீர்களா? அதுதான் இல்லை. ஊட்டியில் நாம் பார்ப்பது உறைபனி. காற்றில் இருக்கும் ஈரம், ராத்திரி குளிர்ந்துபோன புல் மேல் படிந்து உறைவது. மேலே இருந்து எதுவும் விழுவதில்லை. வெள்ளையாக இருப்பதால் கண்ணுக்கும் தெரியும்.

உறைமழை வேற கேஸ். இது நிஜமாகவே மழை. தண்ணீர்தான். ஆனால், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கும் தண்ணீர்!

'பூஜ்யம் டிகிரியில் தண்ணீர் ஐஸ் ஆகிடும்னு ஆறாங்கிளாஸ்லயே படிச்சோமே?' ஆமாம். ஆனால், அது முழு உண்மை இல்லை. தண்ணீர் ஐஸாக மாற ஒரு பிடிமானம் வேணும். தூசியோ, ஏற்கெனவே இருக்கும் ஐஸ் துணுக்கோ, ஏதாவது ஒண்ணு. அது கிடைக்காவிட்டால் மிகச் சுத்தமான குட்டித் துளி மைனஸ் 38 டிகிரி வரைக்கும்கூடத் தண்ணீராகவே சுற்றிக்கொண்டிருக்கும்.

இப்போ வானத்தை ஒரு மூணடுக்கு டிபன் கேரியர் மாதிரி நினைச்சுக்குங்க. மேல் அடுக்கு, குளிர். அங்கே பனிச்சீவல் உருவாகிக் கீழே இறங்குகிறது. நடு அடுக்கு, பூஜ்யத்துக்கு மேலே, வெதுவெதுப்பு. சீவல் முழுசாக உருகி மழைத்துளி ஆகிவிடுகிறது. அடி அடுக்கு, மறுபடி பூஜ்யத்துக்குக் கீழே. ஆனால், இந்த அடுக்கு ரொம்ப மெல்லிசு. துளி மறுபடி உறைவதற்குள் தரைக்கு வந்துவிடுகிறது. குளிர்ந்துபோன தார் ரோட்டையோ, மரக்கிளையையோ, கரன்ட் கம்பியையோ தொட்டதும் அப்படியே கண்ணாடி மாதிரி உறைந்து ஒட்டிக்கொள்கிறது.

அடி அடுக்கு கொஞ்சம் தடிமனாக இருந்தால், துளி வழியிலேயே உறைந்து குட்டிக்குட்டி ஐஸ் மணியாக விழும். அதுக்கு ஸ்லீட் என்று பெயர். நடு அடுக்கே இல்லாவிட்டால் வெறும் பனி. அடி அடுக்கு பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் சாதா மழை. ஆக, ஒரே மேகம். நாலு ரிசல்ட். இந்த நாலுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் சில சமயம் ஒரே ஒரு டிகிரி. நம்ம ஊரில் ஃபேனை மூணிலிருந்து நாலில் வைப்பதுபோல ஒரு மேட்டர். அங்கே அது உயிர் விஷயம்.

டெக்சாஸில் இது நடக்கத் தோதான அமைப்பு இருக்கிறது. வடக்கிலிருந்து வரும் துருவக் குளிர்காற்று கனமானது. குறுக்கே மலை இல்லாத சமவெளியில் தரையோடு தரையாக ஊர்ந்து தெற்கே வந்துவிடும். மெக்ஸிகோ வளைகுடாப் பக்கமிருந்து வரும் ஈரமான வெதுவெதுப்புக் காற்று அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். டிபன் கேரியர் ரெடி!

ஐந்தரை மணி பலூன்

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மேலே போய்ப் பார்ப்பது. அதுக்குத்தான் பலூன். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில், ஒரே நேரத்துக்குக் கணக்காக, கருவி கட்டிய பலூன்களைப் பறக்கவிடுகிறார்கள். நம்ம கடிகாரப்படி காலை 5.30, மாலை 5.30. நம்ம சென்னை மீனம்பாக்கத்திலும் ஒன்று உண்டு. ஃபோர்ட் வொர்த்திலும் ஒன்று உண்டு. வெப்பம், ஈரம், காற்று எல்லாவற்றையும் அளந்து அனுப்பிக்கொண்டே பலூன் மேலே போகும்.

நம்ம மாலை 5.30 என்றால், டெக்சாஸில் குளிர்காலத்தில் காலை சரியாக 6 மணி. அக்கா பாலத்தில் சுற்றியதும், அந்தப் பெரிய விபத்தும் இந்த நேரத்தையொட்டித்தான். கீழே கார்கள் வழுக்கிக்கொண்டிருந்தபோது, மேலே பலூன் அளந்துகொண்டு இருந்திருக்கும். எத்தனை தடவை யோசிச்சாலும் எனக்கு இது மனசில் தைக்கிறது.

இரண்டு பலூன்களுக்கு நடுவே 12 மணி நேர இடைவெளி. ராத்திரி நடப்பதைக் கம்ப்யூட்டர் மாடல்களும், விமான நிலையங்களின் மணிக்கு மணி அளவீடுகளும்தான் சொல்லணும். ராத்திரியில் சூரியன் இல்லை, ரோடு வேகமாகக் குளிரும். அதுவும் தரையில் கிடக்கும் ரோடு ஒரு மாதிரி, பாலம் வேற மாதிரி. தரை ரோட்டுக்குக் கீழே மண்ணின் சூடு இருக்கும். பாலத்துக்கு மேலேயும் குளிர்காற்று, கீழேயும் குளிர்காற்று. அதனால், பாலம்தான் முதலில் உறையும். 'பாலங்களில் கவனம்' என்று அமெரிக்க எச்சரிக்கைகளில் தனியாகச் சொல்வது இதனால்தான்.

உறையும்போது தண்ணீர் கொஞ்சம் வெப்பத்தை வெளியே விடும் என்பது இன்னொரு சுவாரஸ்யம். ஒரு கிராமுக்குச் சுமார் 334 ஜூல். அதனால், மழை உறைய உறையச் சுற்றியுள்ள காற்று சூடாகி, பல நேரம் உறைமழை தானாகவே நின்றுவிடும். ஆனால், குளிர்காற்று விடாமல் வந்து நிரப்பிக்கொண்டே இருந்தால் நிற்காது. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ பகுதிகளில் அதுதான் நடந்தது. நாள்கணக்கில் விட்டுவிட்டுப் பெய்தது. ஐஸ் பாரம் தாங்காமல் ராட்சத மின்கோபுரங்கள் காகித பொம்மை மாதிரி மடிந்து விழுந்தன. 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருட்டில். சில ஊர்களுக்குக் கரன்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அரை அங்குலம் ஐஸ் ஒட்டினாலே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் இருக்கும் கம்பியில் 225 கிலோ வரை கூடுதல் பாரம் ஏறலாம். ட்ரிபிள்-இ ஃப்ரெண்ட்ஸ், டிரான்ஸ்மிஷன் லைன் பேப்பரில் ஐஸ் லோடிங் கணக்கை 'சாய்ஸ்ல விட்டுடலாம்'னு தாண்டிப் போனீங்கள்ல? நானும்தான்!

அக்கா விஷயத்தில் அரை அங்குலம் எல்லாம் தேவைப்படலை. ரோடு ஈரமாத் தெரியுற அளவுக்கு ஒரு மெல்லிய பூச்சு. அது போதுமானதாக இருந்தது.

நாலரை நிமிஷத்தில் தப்பிய கிரிட்

கதை அதோடு முடியவில்லை. நாலு நாள் கழித்து, பிப்ரவரி 15 அதிகாலையில், டெக்சாஸின் மின்சாரமே தடுமாறியது. கடும் குளிரில் மின்நிலையங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. நமக்கு 50 ஹெர்ட்ஸ் மாதிரி அவர்களுக்கு 60 ஹெர்ட்ஸ். அது 59.302 வரைக்கும் இறங்கியது. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி அப்படியே நீடித்திருந்தால் மாநிலம் முழுக்க கிரிட் மொத்தமாகப் படுத்திருக்கும் என்று அதை நடத்தும் அமைப்பே பின்னால் சொன்னது. அதைத் தடுக்க லட்சக்கணக்கான வீடுகளின் இணைப்பை அவர்களே வெட்டிவிட்டார்கள்.

வெட்டப்பட்டதில் ஒன்று, கட்டுப்போட்ட தோளோடு அக்கா படுத்திருந்த வீடு.

"கார்ல ஹீட்டரைப் போட்டுக்கிட்டு உக்காருங்களேன்" என்று அப்பா இங்கிருந்து ஐடியா கொடுத்தார்.

"கராஜுக்குள்ள வெச்சு ஸ்டார்ட் பண்ணக் கூடாது சித்தப்பா. புகையில செத்துருவோம்" என்றாள் அக்கா.

மிகையாகச் சொல்லவில்லை. அந்த வாரம் வீட்டுக்குள் கரியைக் கொளுத்தியும், கராஜில் காரை ஓடவிட்டும், கார்பன் மோனாக்சைடு விஷத்தில் பலர் இறந்தார்கள். மாநில அரசின் கணக்குப்படி அந்தக் குளிருக்கு மொத்தம் 246 பேர் பலி. அக்காவும் அத்தானும் இருக்கிற போர்வை எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு ஒரே அறையில் கிடந்து தப்பித்தார்கள். நான் ட்ரிபிள்-இ எடுக்கணும்னு முடிவு செய்தது அந்த வாரம்தான்.

வந்தாச்சு நம்ம மாடல்!

இப்போ இந்த வருஷத்துக்கு வாங்க. மினி புராஜெக்ட். நாலு பேர் டீம். மற்ற டீம்கள் எல்லாம் லைன் ஃபாலோயர் ரோபோ, தானாகத் தண்ணீர் விடும் மோட்டார் என்று கிளம்ப, நான் மட்டும் 'உறைமழையை ஆறு மணி நேரம் முன்னாலேயே சொல்ற மாடல்' என்று பிடிவாதம் பிடித்தேன். டெக்சாஸ் விமான நிலையங்களின் மணிக்கு மணி அளவீடுகள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி கிடைக்கின்றன. அதில் உறைமழைக்கு எஃப்-இஸட்-ஆர்-ஏ என்று நாலெழுத்துக் குறியீடு. பலூன் தகவலையும் சேர்த்தோம். மூன்று வாரம் ராத்திரி முழிப்பு. ஹாஸ்டல் மெஸ்ஸின் கடைசி சப்பாத்தி. ஒருவழியாக மாடல் ஓடியது.

அக்யூரஸி: 99 சதவிகிதத்துக்கு மேலே!

ஹாஸ்டல் காரிடாரில் டான்ஸ் ஆடினோம் சாமி. ஒருத்தன் 'பேட்டன்ட் போட்டுடலாம் மச்சி' என்கிற அளவுக்குப் போய்விட்டான். நான் உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் சந்தோஷமாகக் கேட்டுவிட்டு, ரொம்ப சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"சரி மக்கா, அன்னிக்குக் காலையில எனக்கு அது என்ன சொல்லியிருக்கும்?"

எனக்கு இது தோணவே இல்லை பாருங்க! உடனே 2021 பிப்ரவரி 11-ம் தேதியின் நள்ளிரவுத் தகவலைப் போட்டு ஓட்டினேன். திரையில் ஒரே வார்த்தை வந்தது.

'இல்லை.'

மற்ற உறைமழை ராத்திரிகளையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். இல்லை. இல்லை. இல்லை. நிஜமாகப் பெய்த உறைமழையில் பத்தில் ஒன்றைக்கூட அது பிடிக்கவில்லை. அப்புறம் எப்படி 99? ரொம்ப சிம்பிள். டெக்சாஸில் உறைமழை அபூர்வம். நூறு மணி நேரத்தில் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அது பெய்வதே இல்லை. அதனால், 'இல்லை'ன்னு சொல்லிக்கொண்டே இருந்தால் மார்க் தானாக விழும்னு மாடல் கற்றுக்கொண்டுவிட்டது. விண்கல் பையனின் அதே டெக்னிக்!

மனசு ஆறாமல் தேடிப் படித்தபோது, இந்தத் தப்பைச் செய்தது நான் மட்டுமில்லை என்று தெரிந்தது. 1884-ல் அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பிரிவில் இருந்த ஃபின்லி என்பவர், டொர்னடோ வருமா வராதா என்று 2,803 கணிப்புகள் சொன்னார். அதில் 96.6 சதவிகிதம் சரி என்று பெயர் வாங்கினார். கில்பர்ட் என்ற இன்னொருவர் பொறுமையாகக் கணக்குப் போட்டு, 'அண்ணே, நீங்க எல்லாத்துக்குமே வராதுன்னு சொல்லியிருந்தா 98.2 சதவிகிதம் வந்திருக்குமே' என்பதைக் காட்டிவிட்டார். நூத்து நாற்பது வருஷத்துக்கு முந்தைய பாடம். நான் அதே குழியில் விழுந்து, விழுந்ததுக்கு டான்ஸும் ஆடியிருக்கிறேன்.

எத்தனை தடவை கத்தலாம்?

அடுத்த ரெண்டு வாரம் மாடலை மாற்றி எழுதினோம். 'உறைமழையைத் தவறவிட்டால் பெரிய அபராதம்' என்று அதற்கு ஒரு விதி போட்டோம். இப்போ பத்தில் ஏழைப் பிடித்தது. பிப்ரவரி 11-க்கும் 'ஆபத்து' என்றது. ஆனால், ஒரு சரியான எச்சரிக்கைக்கு ஏழு வெற்று எச்சரிக்கை! அக்யூரஸி 97-க்கு இறங்கிவிட்டது.

'வெற்று எச்சரிக்கைதானே, வந்தா என்ன?' என்று அக்காவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அன்னிக்கு முந்தின ராத்திரி எனக்குப் போன்ல எச்சரிக்கை வந்தது மக்கா. லேசான உறைமழை, பாலத்துல கவனம்னு. நான் பார்த்தேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ இப்படித்தான் வந்து ஒண்ணும் நடக்கலை. 'லேசானது'ன்னுதானே போட்டிருக்கு, டியூட்டிக்கு லேட் ஆயிரும்னு கிளம்பிட்டேன். சித்திகிட்ட சொல்லிராத."

(ஸாரி அக்கா, சொல்லிட்டேன். இது அச்சாகும் முன்னால் உன்கிட்ட அனுமதி வாங்கியாச்சுங்கறதையும் இங்கேயே சொல்லிடறேன்!)

ஆக, கணிப்பு சரியாகவே இருந்திருக்கிறது. ஆனாலும், எலும்பு உடைந்தது. 'லேசான' என்பது மழையின் அளவு. ஆபத்தின் அளவு இல்லை. அந்த ஒரு வார்த்தையை எழுதினவர் ஒரு அர்த்தத்தில் எழுத, படிச்சவள் இன்னொரு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பெரிய விபத்தை அமெரிக்க தேசிய போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 2023-ல் முடிவைச் சொன்னது. சாலை உறையாமல் இருக்க உப்புக் கரைசல் தெளிப்பார்கள். அந்த இடத்தில் தெளித்தது, விபத்துக்குச் சுமார் இரண்டு நாள் முன்னால். அதன் பிறகு அந்த உயரமான பகுதியைச் சரியாகக் கண்காணித்துத் தேவையானதைச் செய்யவில்லை என்றது வாரியம். அங்கேயும் தகவல் ஒரு இடத்தில், ரோடு இன்னொரு இடத்தில். நடுவில் ஒரு இடைவெளி.

குமரி மாவட்டத்துக்காரனுக்கு அந்த இடைவெளி புதுசு இல்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி வந்தது. முதல் நாள் வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலையில் புயல். எங்க கடற்கரை கிராமங்களின் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்னாலேயே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். எச்சரிக்கை கரைக்கு வந்தபோது அது போய்ச் சேர வேண்டியவர்கள் கரையில் இல்லை. தமிழ்நாடு, கேரளா இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை. என்கூட ஸ்கூலில் படித்த பசங்களில் சிலர் அந்த டிசம்பர் முழுக்க வகுப்புக்கு வராமல் கடற்கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கம்மியாகக் கத்தினால் உயிர் போகும். அதிகமாகக் கத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள், அதனாலும் உயிர் போகும். எந்த இடத்தில் கோடு போடுவது? என் புராஜெக்ட் முழுக்க இந்த ஒரே கேள்வியில் வந்து நின்றுவிட்டது.

ரிவ்யூ அன்னிக்கு...

ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி டீமுக்குள் பெரிய சண்டை. "மச்சி, பழைய மாடலையே காட்டிடலாம்டா. 99-ன்னு ஸ்லைடு போட்டா முடிஞ்சது. யாருடா உள்ள போய்ப் பார்க்கப் போறா? 97-ன்னு போட்டா, 'ஏன் குறைஞ்சது'ன்னு குடைவாங்க. இது ப்ளேஸ்மென்ட்டுக்கு ரெஸ்யூமேல வரப்போற நம்பர்டா."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவனுக்கு ஏற்கெனவே ரெண்டு அரியர். இந்த மார்க்கை நம்பி இருக்கிறான். எனக்கும் கை நடுங்கியது. ஆனால், 99 என்று எழுதப்போகும்போதெல்லாம் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்த அந்த போன்தான் ஞாபகம் வந்தது. அந்த மாடலை நம்பி ஒருத்தி காரை எடுத்திருந்தால்?

விடியற்காலை மூணு மணிக்கு ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ரெண்டு மாடலையும் காட்டுவது. முதல் ஸ்லைடில் 99. ரெண்டாவது ஸ்லைடில் நாலு கட்டம்: சொன்னோம் - பெய்தது, சொன்னோம் - பெய்யலை, சொல்லலை - பெய்தது, சொல்லலை - பெய்யலை. மூணாவது கட்டத்தை மட்டும் சிவப்பில் அடித்தோம்.

எதிர்பார்த்த மாதிரியே, வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "ஏம்ப்பா, இம்ப்ரூவ் பண்ணினேங்கறீங்க... அக்யூரஸி குறைஞ்சிருக்கே?" என்றார். நான் சிவப்புக் கட்டத்தைக் காட்டி, "சார், முதல் மாடல்ல இந்தக் கட்டத்துலதான் சார் எங்க அக்கா இருந்தாங்க" என்றேன். பிளான் பண்ணிப் பேசலை. தானாக வந்துவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் வெற்று எச்சரிக்கையை எப்படிக் குறைக்கப் போறீங்க, பாலத்தின் வெப்பநிலையைத் தனியாக அளக்க முடியுமா என்று இருபது நிமிஷம் குடைந்தெடுத்தார். பாதிக்கு மேல் எங்களிடம் பதில் இல்லை. மார்க்? லைன் ஃபாலோயர் ரோபோ டீமைவிட எட்டு மார்க் கம்மி. அரியர் நண்பன் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூணாவது நாள், "மச்சி, அந்தப் பாலம் மேட்டரை ஃபைனல் இயர் புராஜெக்டா எடுக்கலாமா?" என்று அவனே வந்து நின்றான். சென்சார் விலை எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறான் பயல்!

ஸோ ஃப்ரெண்ட்ஸ்... அடுத்த தடவை யாராவது '99 சதவிகிதம் சரியா இருக்கும்'னு சொன்னா, வாயைப் பிளக்காதீங்க. மிச்சம் இருக்கிற அந்த ஒரு சதவிகிதத்தில் யார் இருக்காங்கன்னு மட்டும் கேளுங்க. உங்க போனில் வானிலை எச்சரிக்கை வந்தா, 'போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க'ன்னு தள்ளிவிடாமல் ஒரு தடவை முழுசாப் படிங்க. எச்சரிக்கை எழுதுற வேலைக்கு நாளைக்கு நீங்களே போனீங்கன்னா, 'லேசான'ங்கற வார்த்தையை எழுதும்முன் கொஞ்சம் யோசிங்க.

நேற்று சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். பேசும்போது கார் சத்தம் இல்லை.

"என்னக்கா, டியூட்டிக்குக் கிளம்பலையா?"

"கிளம்பணும் மக்கா. வெளியில ரோடு ஈரமா இருக்கு. வாசல்ல இறங்கி, காலால ஒரு தடவ தேய்ச்சுப் பார்த்துட்டு வாரேன்... இரு!"

போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துவிட்டு, நானும் அம்மாவும் காத்திருந்தோம்.

"வெறும் தண்ணிதான் சித்தி!" என்றாள்.